ரயில்வே இல்லாத கார்டு

ரயில்வே இல்லை சார். பந்து. கூடைப்பந்து.

கார்டு என்று சொன்னதும் உங்களுக்கும் பச்சைக்கொடிதானே கண்ணில் வந்தது? பரவாயில்லை, நான் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் கார்டு என்றால் ரயிலின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்திருப்பவன், இல்லையென்றால் ரேஷன் கார்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற நான்கு மண்டூகங்களும் எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று மேய்க்கிறவனுக்கும் அதுதான் பெயர். அது தெரிந்தவர்களைத் தமிழ்நாடு முழுக்கச் சலித்தெடுத்தாலும் ஒரு மினி பஸ்ஸுக்கு ஆள் தேறாது.

கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள், முழங்காலை நீட்ட வேண்டும். நாமக்கல் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நீங்களே கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

பதினான்கு வருடம், பதினோரு டீம். சென்னையில் ஒரு வங்கி டீம். அங்கே கோச் என்று ஒருவர் இருந்தார், ஊதலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குவார். மூச்சு விடும்போது அது மெல்லக் கீச்சிடும், நாங்கள் டைம் அவுட் என்று நின்றுவிடுவோம். அப்புறம் கொச்சி. பந்தை இடது பக்கம் கொண்டு போவதா வலது பக்கமா என்பதற்குக்கூடக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிற ஊர். லூதியானாவில் ஆறடி ஒன்பது அங்குலத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவ்வளவு உயரத்துக்கு மூளைவரை ரத்தம் ஏறிப் போவதில்லை. மாலத்தீவில் ஒரு சீசன். பந்து வேலியைத் தாண்டினால் கடல். எடுத்துவர நீச்சல் தெரிந்த ஒருவனை வைத்திருந்தார்கள், ஆடியவர்களைவிட அவன் நன்றாக ஓடினான். டாக்கா, காத்மாண்டு, பிலாய்... எல்லா ஊரிலும் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டேன் சார். எந்த ஊரிலும் ஆட்டம் தெரிந்த ஒருத்தன் இல்லை.

எந்த ஊரிலும் நான் இரண்டாவது சீசன் இருந்ததும் இல்லை. அவர்கள் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதாவது, சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொல்வதற்குள் நானே பையைக் கட்டியிருப்பேன்.

அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம் நடந்தது. அப்போது எனக்கு முப்பத்தொன்று. திண்டுக்கல்லில் ஒரு மில் முதலாளி வைத்திருந்த டீமுக்கு ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா, பெஞ்சமின் என்று ஒரு கல்யாணத் தரகரிடம் சொல்லிவைத்திருந்தாள். அவர் திருச்சி பொன்மலையில் ஒரு பெண் இருப்பதாக வந்து சொன்னார். பெயர் ரெஜினா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா வியாகுலசாமி, ரிட்டயர் ஆனவர். பெஞ்சமின் அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "பையன் பேரு சகாயராஜ். கார்டு. கேரளா, பஞ்சாப், டெல்லின்னு ஓடுற ஆளு." இவ்வளவுதான். இதில் ஒரு சொல்லாவது பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த வியாகுலசாமி முப்பத்து நான்கு வருடம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். எனக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் நானும் பெரியப்பாவும் பெண் பார்க்கப் போனோம். பெரியப்பாவுக்குக் காது கேட்காது. பலகாரத் தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். வியாகுலசாமி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் எதிரே உட்கார்ந்தார். ஹாலில் மூன்று கடிகாரம். மூன்றும் ஒரே மணி காட்டின. அப்போதே எனக்கு ஆள் பிடிக்கவில்லை.

"தம்பி எந்த டிவிஷன்?" என்றார்.

"ஏ டிவிஷன்" என்றேன். சென்னை லீக்கில் ஏ டிவிஷன்தான் மேலே. பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஏ டிவிஷனா? நான் ரிட்டயர் ஆகி ஆறு வருஷம் ஆச்சு. என்னென்னத்தையோ பிரிச்சுட்டானுங்க" என்று தலையை ஆட்டிக்கொண்டார். "ஓட்டம் ஜாஸ்தியோ?"

"ஒரு நாளைக்கு அஞ்சாறு கிலோமீட்டர் வரும் சார்."

"அஞ்சாறா! ஷண்டிங்ல போட்டு வச்சிருக்கானுங்களா? அடப் பாவமே. சின்ன வயசுதானே, போகப் போக மெயின் லைனுக்கு மாத்துவானுங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயசானவர், ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

"விசில் எல்லாம் இப்ப புது மாதிரி வந்திருக்காமே?"

"என்ன மாதிரி வந்தா என்ன சார். அது ஊதுனா நாம நின்னுடணும். அதான் ரூல்."

"நாமதானே ஊதணும்?"

"இல்ல சார், ஊதுறதுக்குத் தனியா ரெண்டு பேரு வருவாங்க."

"ஊதுறதுக்குத் தனியா ரெண்டு பேரா!" அவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "எங்க காலத்துல கொடியும் நாங்கதான், விசிலும் நாங்கதான், விளக்கும் நாங்கதான்."

திரைக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ரெஜினாதான். என்னைப் பார்த்ததும் வெட்கம், சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது போல. பல ஊர்களில் பார்த்திருக்கிறேன்.

கொடி என்று அவர் சொன்னாரே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் என்னை ரயில்வே என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தானே சொன்னேன்? கேட்காததற்குப் பதில் சொல்ல நான் என்ன பைத்தியமா? தவிர, யோசித்துப் பாருங்கள். வண்டி எங்கே போகிறது என்று பார்க்காமல், எங்கேயிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே முப்பத்து நான்கு வருடம் சம்பளம் வாங்கினவர். அவர் முன்னால் நான் ஏன் என்னை விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்?

பெண்ணும் மாப்பிள்ளையும் ஐந்து நிமிடம் பேசட்டும் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடம். ரெஜினா வந்தாள். நன்றாகத்தான் இருந்தாள், அதில் நான் பொய் சொல்ல மாட்டேன். வந்ததும் என்ன கேட்டாள் தெரியுமா?

"நீங்க பந்தைக் குடுக்குற கார்டா, போடுற கார்டா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க ஸ்கூல் பொண்ணுங்க டீமுக்கு நான்தான் ஸ்கோர் எழுதுவேன். ஏ டிவிஷன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

"ரெண்டும்தான். குடுக்கவும் செய்வேன், போடவும் செய்வேன்" என்றேன்.

"அப்பா உங்களை ரயில்வேன்னு நினைச்சுட்டு இருக்காரு. நீங்களே சொல்லிடுங்க. கோவிச்சுக்க மாட்டாரு. ஆனா வேற யார் மூலமாவும் அவருக்குத் தெரிய வரக் கூடாது. சரியா?"

சரி என்று தலையாட்டினேன். கணக்கு டீச்சர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு வழிமுறை வைத்திருப்பார்கள்.

நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லை என்று நினைக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லுங்கள் என்று. மூன்று தடவையும் வாசித்து முடித்தால்தான் தாலி. அந்த ஊரில் பொழுது போகாதவன் எவனும் எழுந்துபோய் எதையாவது சொல்லலாம். நல்ல ஏற்பாடு, இல்லையா?

முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாவதும் வாசித்தார்கள். நடுவில் வியாகுலசாமி மூன்று தடவை போன் பண்ணினார். "தம்பி டூட்டியில இருக்கீங்களா?" என்பார். இருக்கிறேன் என்பேன். இருந்தேனே, கிரவுண்டில்தான். ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து வரலாறு சொல்ல முடியுமா? சொல்லலாம், சொல்லலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான்.

இரண்டாவது ஓலை முடிந்த புதன்கிழமை மறுபடி போன்.

"தம்பி, நம்ம யூனியன் ஆபீஸ்ல சும்மா விசாரிச்சேன். சகாயராஜ்னு நாலு பேரு இருக்காங்க. மூணு பேரு கேங்மேன். ஒருத்தரு செத்துட்டாரு."

நான் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெஜினாகிட்டக் கேட்டேன். அப்புறம்தான் அது சொல்லிச்சு. நீங்களே சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்துச்சாம்." தொண்டையைச் செருமினார். "சரி, அது போகட்டும். நீங்க ரயில்வே கார்டு இல்ல. என்ன கார்டுன்னு நான் ஒருநாள் வந்து பாக்கலாமா?"

அந்தச் சனிக்கிழமை கரூரில் எங்களுக்கு ஃபைனல். வாருங்கள் என்றேன். எனக்கு உள்ளூர ஒரே குஷி. ஆட்டத்தைப் பார்த்தால் அந்த மனிதர் வாயைப் பிளந்துவிடுவார், ஞாயிற்றுக்கிழமை அவரே போய் மூன்றாவது ஓலையை வாசித்தாலும் வாசித்துவிடுவார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் டீமில் எட்டாம் நம்பர் என்று ஒருவன். ஆறடி நான்கு அங்குலம். கூடைக்குக் கீழே நிற்பதுதான் அவன் வேலை. இட்லித் தட்டோடு எழுந்து என் மேசைக்கு வந்தான்.

"அண்ணே, நான்..."

"தெரியும், எட்டு. சொல்லு."

"இன்னிக்கு செலக்டர் ஒருத்தர் வர்றாருண்ணே. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலை இருக்கு. எனக்கு இந்த வருஷத்தோட வயசு முடியுது. ரெண்டாவது பாதியில ஒரு நாலு பந்து உள்ள குடுத்தீங்கன்னா போதும்ணே. வீட்டுலயும் கூட்டியாந்திருக்கேன்."

கையில் தட்டை ஏந்திக்கொண்டு பந்து கேட்கிறான் சார். பதினோரு டீமில் நான் எவனிடமாவது கேட்டிருக்கிறேனா?

"பந்து என்ன புளியோதரையா, கேட்டவனுக்கெல்லாம் குடுக்க? போய் இடம் புடிச்சு நில்லு. தானா வரும்."

பக்கத்து மேசையிலிருந்து எவனோ, "அண்ணனுக்குப் பேருதான் சகாயம், நீ தப்பா நினைச்சுட்டுப் போய்ட்ட" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மில் டீம்காரர்களுக்குச் சிரிப்பு அந்த அளவில்தான் வரும். எட்டும் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இன்னொன்றும் சொல்கிறேன். செலக்டர் வருவது எனக்கும் தெரியும். ஆனால் அவர் யாரைப் பார்க்க வருகிறார்? எட்டு தன்னைப் பார்க்க வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். மாலத்தீவு வரைக்கும் போய் ஆடின ஒரு கார்டு இருக்கும்போது, கூடைக்குக் கீழே கொக்கு மாதிரி நிற்கிறவனைப் பார்க்க ஒரு மனிதர் சென்னையிலிருந்து ரயில் ஏறி வருவாரா?

கிரவுண்டில் விளக்குக்கு வருகிற டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது என்று ஆட்டத்தைப் பிற்பகல் மூன்றரை மணிக்கே வைத்துவிட்டார்கள். கரூர் வெயில். சிமெண்டுத் தரையில் ஷூ ஒட்டிக்கொண்டு வந்தது. வியாகுலசாமி கேலரியில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். கையில் குடை. இன்னொரு கையில் ஒரு சின்ன நோட்டு. பக்கத்தில் மாசமாக இருந்த ஒரு பெண். அந்தக் குடையை அவளுக்குத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். நடுநடுவே அவளிடம் ஏதோ கேட்டார், எழுதினார். நான் ஒவ்வொரு தடவை பந்தைப் போட்டபோதும் நிமிர்ந்து பார்த்தேன். கை தட்டவில்லை. சரி, ஆட்டம் புரியவில்லை, எழுதி வைத்துக்கொண்டு வீட்டில் போய்ப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

இருபத்தெட்டுப் புள்ளி போட்டேன் சார் அன்று. நான் மட்டும்.

கடைசி ஒன்பது விநாடி. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். பந்து என் கையில். நான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினேன். அது எங்கள் டீமில் ஒரு சிக்னல். எட்டு வந்து என்னைப் பிடித்திருக்கிறவனை மறித்து நிற்க வேண்டும், அப்புறம் சட்டென்று திரும்பிக் கூடைக்குக் கீழே ஓட வேண்டும், நான் பந்தை அவனுக்குக் கொடுக்க வேண்டும். எட்டு வந்தான். மறித்தான். அந்த ஆள் முழு வேகத்தில் அவன் நெஞ்சில் மோதினான், எனக்கே சத்தம் கேட்டது. திரும்பி ஓடினான். கூடைக்குக் கீழே தனியாக நின்றான். ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். ஏனென்றால் அவர்களில் மூன்று பேர் என்மேல் வந்து விழுந்துவிட்டார்கள்.

மூன்று பேர்! மூன்று பேர் வருகிறார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமா சார்? நான் எம்பினேன். மூன்று கைகளுக்கு நடுவிலிருந்து போட்டேன். பந்து வளையத்தில் ஒரு சுற்று சுற்றியது. உள்ளே விழுந்தது. ஜெயித்துவிட்டோம்.

என்னைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டைச் சுற்றினார்கள். எட்டுதான் ஒரு பக்கம் தூக்கினான். உயரமான தோள், உட்கார வசதியாக இருந்தது. சிறந்த ஆட்டக்காரன் கோப்பை எனக்கு. அந்த செலக்டர் கோப்பை கொடுக்கிற வரைக்கும்கூட இருக்கவில்லை, பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எட்டுக்கு வேலை கிடைக்கவில்லை. இப்போது எங்கேயோ அரிசி மண்டியில் இருக்கிறானாம். நல்லதுதானே, மூட்டையை மேல் அடுக்கில் வைக்க ஏணி வேண்டியதில்லை.

கோப்பையோடு வியாகுலசாமியிடம் போனேன். "எப்படி மாமா?" என்றேன். மாமா என்று அன்றைக்குத்தான் முதல் தடவை கூப்பிட்டேன்.

"நல்லா ஓடுறீங்க தம்பி" என்றார். நோட்டைத் திறந்தார். "கடைசியில ரெண்டு விரலைத் தூக்குனீங்களே, அது என்ன சிக்னல்?"

"எட்டு உள்ள போகணும். நான் அவனுக்குப் பந்தைக் குடுக்கணும். அதான் சிக்னல்."

"அவரு போனாரா?"

"போனான்."

"நீங்க குடுக்கலயே."

"அதான் ஜெயிச்சுட்டமே மாமா!"

"ஜெயிச்சது பார்த்தேன். நான் அதைக் கேக்கல. சிக்னலைக் குடுத்துட்டு அப்புறம் நாம மாத்தலாமா தம்பி? அவரு அதை நம்பித்தானே போய் நின்னாரு?"

எப்படி இருக்கிறது பாருங்கள். பந்து ஆட்டத்துக்கு வந்து சரக்கு ரயில் சட்டம் பேசுகிறார். நோட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி எழுதி ஊறின கை. அதே மாதிரி ஆட்டத்தை எழுதியிருக்கிறார். '3.52: எட்டு கை தூக்கினார். பந்து வரவில்லை. 3.54: எட்டு தனியாக நின்றார். பந்து வரவில்லை.' பக்கம் முழுக்க இதேதான். அடியில் கோடு போட்டு, 'தனியாக நின்றது 17. வந்தது 2.' நான் போட்ட இருபத்தெட்டு அந்த நோட்டில் ஒரு இடத்திலும் இல்லை சார்! ஒரு இடத்திலும்!

"பக்கத்துல அந்தப் பொண்ணு உக்காந்திருந்துச்சுல்ல, அது அவரு வீட்டுக்காரம்மா" என்றார். "ஏழு மாசம். இன்னிக்கு வேலை கிடைச்சுடும்னு தேனியிலேர்ந்து பஸ்ல வந்திருக்கு. ஒவ்வொரு தடவை அவரு கை தூக்கும்போதும் அதுவும் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துச்சு. நான்தான், எந்திரிக்காதம்மா, வரும் வரும்னு சொல்லிட்டிருந்தேன்."

நோட்டை மூடினார். ஆறு பத்துக்குத் திருச்சி வண்டி என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேலரியில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்பதற்காக ஒரு மனிதர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

மறுநாள் ஞாயிறு. நான் திருச்சியில் பஸ் மாற வேண்டியிருந்தது. அதனால் பொன்மலை கோவிலுக்குப் போனேன். கரூரிலிருந்து திண்டுக்கல் போக ஏன் திருச்சியில் மாற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மாறினேன், அவ்வளவுதான். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தேன், அது வேறு விஷயம்.

தூண் ஓரமாக நின்றேன். பூசை முடிந்தது. சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓலையை எடுத்தார். முதல் ஜோடி வாசித்தார். இரண்டாவது ஜோடி. அந்த மனிதருக்குத் தமிழே வராது, ஒவ்வொரு பெயரையும் மென்று மென்று துப்பினார். மூன்றாவதாக ஒரு ஜோடி. நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்கு எல்லோரும் வாருங்கள் என்றார்.

எங்கள் ஓலை இல்லை.

வெளியே வந்தேன். மாதா சிலை வைத்த கெபி பக்கத்தில் ரெஜினா நின்றிருந்தாள். அப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய்க் கேட்டேன். எனக்கு என்ன பயம்?

"அரசாங்க வேலை இல்லன்னுதானே நிறுத்திட்டீங்க? அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. அழுதிருப்பாள் போல, இமை வீங்கியிருந்தது. எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். அப்பா ஒண்ணும் சொல்லல, நோட்டை மட்டும் காட்டினாரு" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஒண்ணு கேக்குறேன். நீங்க பதில் சொல்லிட்டா, சாமியார் உள்ளதான் இருக்காரு, இப்பவே போய் அடுத்த வாரம் மூணாவது ஓலையை வாசிக்கச் சொல்லிடுறேன். சத்தியமா."

"கேளு."

"உங்க எட்டாம் நம்பர் பேரு என்ன?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். நிஜமாகவே கேட்கிறாள் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

யோசித்தேன் சார். அவன் முகம் வருகிறது, நெஞ்சில் மோதின சத்தம் வருகிறது, காலையில் இட்லித் தட்டோடு நின்றது வருகிறது. பெயர் வரவில்லை. ஒரு சீசன் முழுக்க அவனோடு ஒரே அறையில் படுத்திருக்கிறேன். மேல் கட்டில் அவனுக்குப் போதாது, கால் வெளியே தொங்கும். 'குமார்' என்றேன். அவள் தலையை ஆட்டவில்லை. 'செல்வகுமார்' என்றேன்.

"நாங்க எட்டுன்னுதான் கூப்பிடுவோம்" என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியும். ஒன்றரை மணி நேரம்தான் அங்க உக்காந்திருந்தாரு" என்றாள். அப்பாவின் செருப்பு கிடைத்துவிட்டது. இருவரும் போய்விட்டார்கள்.

சொல்லுங்கள் சார், கல்யாணம் பேசுகிற இடத்தில் கேட்கிற கேள்வியா அது? என் சம்பளம் கேள், குடிப்பேனா கேள், எத்தனை ஊர் பார்த்தாய் என்று கேள். ஊர் பேர் தெரியாத ஒருவனுடைய பெயரைக் கேட்டு ஒரு மனிதனை அளப்பார்களா? சாக்கு. எல்லாம் சாக்கு. அரசாங்க வேலை இல்லை, அதுதான் காரணம். இதை நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். அந்த வருடக் கடைசியிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று பெஞ்சமின் சொன்னார். மாப்பிள்ளை தென்னூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறானாம். பஞ்சர் ஒட்டுகிறவன்! எவ்வளவு விவரம் கெட்டவர்கள் பாருங்கள்.

என்ன? பெயரா? தெரியும் சார், தெரியாமல் என்ன.

இரண்டு வருடம் கழித்து இதே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கரூரில் சும்மா இறங்கினேன். போட்டி நடத்துகிற ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான். அந்த வருட ஃபைனல் ஸ்கோர் ஷீட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். எதற்கு என்றார் செயலாளர். என்னுடைய இருபத்தெட்டைப் படம் எடுத்துக்கொள்ள என்றேன். பீரோவைக் குடைந்து, தும்மித் தும்மி, ஒரு காகிதக் கட்டை எடுத்துப் போட்டார். முக்கால் மணி நேரம் தேடினேன். பஸ் போய்விட்டது. கிடைத்தது. நாலாம் நம்பர், ஐந்து, ஏழு, எட்டு.

வைரமணி.

அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது? சைக்கிள் கடைக்குப் போய்ச் சொல்ல முடியுமா? என் விரல் அந்தப் பெயரில் நிற்பதைப் பார்த்து, அந்த ஆளின் போன் நம்பர் ஆபீஸில் இருக்கிறது, வேண்டுமா என்றார் செயலாளர். வேண்டாம் என்றேன். எனக்கு எதற்கு?

வைரமணி. நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள் சார். நாக்கு சுளுக்கிக்கொள்கிற பெயரா? ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், யாருக்கும் மறக்காது.